பள்ளி முற்றத்தில் பிறந்த மொழி

ஒரு மொழிக்கு வயது சொல்வது லேசான காரியமில்லை. தமிழுக்கு எத்தனை வயது என்று கேட்டால் கல்வெட்டு, பானையோடு, இலக்கண நூல் என்று ஆளுக்கொரு சான்றோடு வருவார்கள்; வழக்கு தீராது. மொழி பிறக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவர் யாரும் இல்லையே! ஆனால் போன நூற்றாண்டின் கடைசியில், மத்திய அமெரிக்காவில் உள்ள நிகரகுவா நாட்டில் அப்படிப் பார்க்கும் பேறு மொழியியலாளர்களுக்குக் கிடைத்தது. அந்த மொழி இப்போதுதான் ஐம்பது வயதைத் தொடுகிறது. அதை உண்டாக்கியவர்கள், தலைநகர் மனாகுவாவின் சிறப்புப் பள்ளிகளில் படித்த காது கேளாத பிள்ளைகள்.

வீட்டுக்கு ஒரு சைகை

1970களின் நடுப்பகுதி வரை நிகரகுவாவில் காது கேளாதோர் ஒரு சமூகமாக இல்லை. ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். இது அந்த நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பொதுவாகக் காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். வீட்டில் புழங்கும் பேச்சு அந்தக் குழந்தைக்கு எட்டுவதில்லை. எட்டக்கூடிய சைகை மொழியோ வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்காகக் குழந்தை சும்மா இருந்துவிடுவதில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோனால் சோறு. கன்னத்தில் உள்ளங்கையை வைத்துச் சாய்த்தால் தூக்கம். இப்படித் தானும் அம்மாவும் பழகிப்பழகி ஏற்படுத்திக்கொள்ளும் குறிகளை ‘வீட்டுச் சைகை’ என்பார்கள். அன்றாடத் தேவைக்கு அது போதும். பக்கத்துத் தெருவில் இன்னொரு காது கேளாத பிள்ளை இருந்தால் அதன் குறிகள் வேறு. நேற்று நடந்ததை விவரமாகச் சொல்லவோ, நாளை நடக்கப்போவதைப் பற்றிக் கேள்வி கேட்கவோ இந்தக் குறிகளை நம்பிப் போனால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

பள்ளி நினைத்தது ஒன்று

1977இல் மனாகுவாவில் சிறப்புக் கல்விப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ ஐம்பது காது கேளாத பிள்ளைகள் சேர்ந்தார்கள். 1979இல் சமோசா குடும்பத்தின் சர்வாதிகாரம் வீழ்ந்து சாந்தினிஸ்டா புரட்சி வென்றது. எல்லோருக்கும் கல்வி என்பது புதிய அரசின் முழக்கம். அந்த அலையில் சிறப்புப் பள்ளியிலும் சேர்க்கை கூடியது. 1980இல் காது கேளாத வளரிளம் பிள்ளைகளுக்கு வில்லா லிபெர்தாத் பகுதியில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். 1983க்குள் இரண்டு பள்ளிகளிலுமாக நானூறு பேருக்கு மேல் படித்தார்கள்.

வகுப்பில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்பானிய மொழி. ஆசிரியரின் உதட்டசைவைப் பார்த்துச் சொல்லைப் புரிந்துகொண்டு, திரும்ப உச்சரிக்க வேண்டும். எழுத்துகளை விரலால் காட்டுவது மட்டுமே ஆசிரியர்கள் கையாண்ட சைகை. இது அவர்களாகக் கண்டுபிடித்த முறையன்று. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வாய்ப்பேச்சுக் கல்வியே மேல் என்று தீர்மானம் போட்டது. அதன் நிழல் ஒரு நூற்றாண்டு காலம் உலகெங்கும் பள்ளிகளின் மேல் விழுந்திருந்தது. அந்தத் தீர்மானத்துக்கு அதே மாநாட்டுத் தொடர் வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆனது.

உதட்டைப் படிப்பது ஏன் அவ்வளவு கடினம்? கண்ணாடி முன் நின்று, ஓசை எழுப்பாமல் ‘பாடு’, ‘மாடு’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ‘க’ தொண்டைக்கருகில் பிறப்பதால் வெளியே தெரிவதேயில்லை. காது கேட்டு வளர்ந்து பிறகு கேட்கும் திறனை இழந்தவர், ‘பால் தருவது’ என்று முன்னால் வந்தால் ‘மாடு’ என்று ஊகித்துவிடுவார். அவருக்கு மொழி ஏற்கெனவே தெரியும். ஒரு மொழியையும் அறியாத பிள்ளை எதை வைத்து ஊகிப்பது? மனாகுவா பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஸ்பானியம் ஒட்டவேயில்லை. பாடத்திட்டக் கணக்குப்படி பார்த்தால் பள்ளி தோற்றுவிட்டது.

பிள்ளைகள் செய்தது வேறொன்று

பாடம் ஒட்டாவிட்டாலும் பிள்ளைகள் வாயடைத்து இருக்கவில்லை. விளையாட்டு முற்றத்திலும் பள்ளிக்கூடப் பேருந்திலும் ஓயாமல் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த குறிகள் பொதுவில் கலந்தன. சில நிலைத்தன, சில உதிர்ந்தன. ஆசிரியர்களுக்கோ பிள்ளைகள் பேசுவது புரியவில்லை. 1986இல் கல்வி அமைச்சகத்தின் அழைப்பின் பேரில் ஜூடி கெக்ல் என்ற அமெரிக்க மொழியியலாளர் வந்து பார்த்தார். பெரிய பிள்ளைகளின் சைகையைவிட, பிறகு வந்து சேர்ந்த சின்னப் பிள்ளைகளின் சைகை வேகமாகவும் ஒழுங்காகவும் இருந்தது அவர் கண்ணில் பட்டது. வழக்கமாகப் பெரியவர்களிடமிருந்து சிறியவர்கள் மொழியைப் பெறுவார்கள். இங்கே சிறியவர்கள் பெற்றதைவிடக் கூடுதலாக வைத்திருந்தார்கள். அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது?

உருண்டு இறங்கும் பூனை

ஆன் செங்காஸ், சோதாரோ கீதா, அஸ்லி ஓஸ்யுரெக் ஆகியோர் 2004இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. அவர்கள் காட்டியது ஒரு கார்ட்டூன். சில்வெஸ்டர் பூனை பௌலிங் விளையாட்டின் கனத்த பந்தை விழுங்கிவிட்டு, சரிவான தெருவில் தள்ளாடி உருண்டு போகும். பார்த்தவர்கள் அதைக் கையால் விவரித்துச் சொல்ல வேண்டும்.

ஸ்பானிய மொழி பேசும், காது கேட்கும் நிகரகுவாவினர் பேச்சின் ஊடே கையசைத்தபோது, கை சுழன்றபடியே கீழே இறங்கியது. கண்ணால் பார்த்ததைக் கை அப்படியே படம் பிடித்தது. 1984க்கு முன் பள்ளிக்கு வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளும் பெரும்பாலும் அதையே செய்தார்கள். அடுத்து வந்த தலைமுறையினர் படத்தை உடைத்தார்கள். ‘உருளுதல்’ என்று ஒரு சைகை. அது முடிந்ததும் ‘இறங்குதல்’ என்று வேறொரு சைகை. 1993க்குப் பின் சேர்ந்தவர்களிடமும் இந்தப் பிரிப்பு உறுதியாக இருந்தது.

உடைத்ததில் என்ன சிறப்பு என்று தோன்றலாம். உருண்டு இறங்குவது உலகில் ஒரே நிகழ்வு. இரண்டாக வெட்டினால் படம் சிதைகிறது. ஆனால் வெட்டிய துண்டுகளை வேறிடத்தில் பொருத்தலாம். ‘உருளுதல்’ கையில் இருந்தால் உருண்டு ஏறலாம், நின்ற இடத்திலேயே உருளலாம். ‘இறங்குதல்’ கையில் இருந்தால் நடந்து இறங்கலாம், வழுக்கி இறங்கலாம். பத்துத் துண்டுகள் இருந்தால் நூறு வாக்கியம் கட்டலாம். பேச்சு மொழிகள் எல்லாம் இந்த உத்தியில்தான் நிற்கின்றன. பிள்ளைகள் இன்னும் ஒரு படி போனார்கள். இரண்டு செயலும் ஒரே நேரத்தில் நடந்தன என்று காட்ட, ‘உருளுதல் – இறங்குதல் – உருளுதல்’ என்று ஒன்றை இருபுறமும் வைத்துக் கட்டினார்கள். அது இலக்கணம். அதைச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆசிரியர் இல்லை.

இடமும் இலக்கணமாயிற்று. ‘மனிதன்’ என்ற சைகையை இடப்பக்கம் செய்துவிட்டு, ‘பணம் கொடுத்தல்’ என்பதையும் இடப்பக்கமே செய்தால், அந்த மனிதனைப் பற்றித்தான் பேச்சு என்று இளைய தலைமுறை எடுத்துக்கொண்டது. மூத்தவர்களுக்கு அந்த இடப்பக்கத்துக்கு அப்படி ஒரு திட்டமான பொருள் இல்லை. ஆக, மொழிக்கு வேண்டியிருந்தவை இரண்டு: மூலப்பொருளைத் திரட்ட ஒரு கூட்டம், அதைச் சீராக்கக் குழந்தை மூளைகள்.

இதை எல்லோரும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. நிகரகுவா காது கேளாதோர் சமூகத்தின் வரலாற்றை எழுதிய லோரா பாலிக், சின்னக் குழந்தைகளின் பங்கை மட்டும் பேசுவதில் நிறைவு காணவில்லை. வளரிளம் பருவத்தினர் ஒன்றுகூடி ஒரு சமூகமானதே மொழிக்கு உரம் என்பது அவர் வாதம். எதில் கருத்து மாறினாலும், பிள்ளைகள் சேர்ந்திராவிட்டால் எதுவும் நடந்திராது என்பதில் வேறுபாடு இல்லை.

மொழி இல்லாவிட்டால் எது எட்டாது?

மொழி என்பது நினைத்ததை வெளியே சொல்ல மட்டுமா, நினைப்பதற்கே வேண்டுமா என்ற பழைய கேள்விக்கும் நிகரகுவா சில தடயங்கள் தந்தது. ஒருவன் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது இன்னொருவன் அதை இடம் மாற்றிவிடுகிறான். திரும்பி வருபவன் முதலில் எங்கே தேடுவான்? நான்கைந்து வயதுக் குழந்தைகள் பொதுவாகச் சரியாகச் சொல்வார்கள். ஜெனி பையர்ஸும் செங்காஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தலைமுறையைச் சேர்ந்த வளர்ந்த ஆட்கள் பலர் இதில் தடுமாறினார்கள். அவர்கள் பேச்சில் ‘நினைத்தான்’, ‘அவனுக்குத் தெரியாது’ போன்ற சைகைகள் அரிதாகவே வந்தன. முதல் சோதனைக்கு இரண்டு ஆண்டு கழித்து அதே ஆட்களை மீண்டும் சோதித்தபோது அச்சொற்கள் கூடியிருந்தன, விடையும் திருந்தியிருந்தது.

பள்ளியின் பக்கமே வராமல் வீட்டுச் சைகையோடு வளர்ந்த நால்வரை இன்னொரு குழு ஆராய்ந்து 2011இல் எழுதியது. அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், பணம் கொடுத்து வாங்குகிறவர்கள். அளவை விரல் நீட்டிக் காட்டவும் செய்தார்கள். ஆனால் எண்ணிக்கை மூன்றைத் தாண்டியதும் விரல் கணக்குத் தோராயமாகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ணும் சொற்கள் அவர்களிடம் இல்லை. பணத்தைக் கையாளும் பழக்கத்தால் வராத ஒன்றை எண்ணுப்பெயர்களின் வரிசை தருகிறது.

அரசு என்ன தர வேண்டும்?

1997இல் நிகரகுவாவின் காது கேளாதோர் தேசிய சங்கம் தன் மொழிக்கு அகராதி வெளியிட்டது. 2009இல் அந்நாட்டுச் சட்டம் அந்த மொழியை அங்கீகரித்தது. சட்டம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மொழி வந்துவிட்டிருந்தது.

இன்று காது கேளாத குழந்தைக்கு உதவ முன்பு இல்லாத வழிகள் உண்டு. பிறந்த குழந்தையின் கேட்கும் திறனைச் சில நாட்களிலேயே சோதிக்கலாம். காதுக்கருவி உண்டு, உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. இவை பலருக்குப் பேச்சைத் திறந்துவிடுகின்றன. ஆனால் கருவி பொருத்தும் வரையிலும், பொருத்திய பின் பயிற்சி பலிக்கும் வரையிலும் குழந்தையின் வயது காத்திருப்பதில்லை. மூளை மொழிக்கு எளிதில் வளைந்து கொடுக்கும் ஆண்டுகள் கழிந்தபின் கற்பவர், எத்தனை காலம் பழகினாலும் சின்ன வயதில் தொடங்கியவரின் சரளத்தை எட்டுவது அரிது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பது நல்ல கொள்கை. இந்தியாவிலும் அந்தத் திசையில்தான் போகிறோம். ஆனால் நாற்பது பேர் பேசும் வகுப்பில் ஒரே ஒரு காது கேளாத பிள்ளையை உட்காரவைத்தால், அது கூட்டத்துக்குள்ளும் தனியாகவே இருக்கும். 2015இல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கை அம்மொழியை நாடு முழுவதும் சீர்ப்படுத்த வேண்டும் என்கிறது. பாடநூலும் காணொளியும் இதனால் பெருகலாம். அவற்றோடு, ஒரு வட்டாரத்தின் காது கேளாத பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் ஒருவரை ஒருவர் சந்திக்கவும், சைகை தெரிந்த பெரியவர்களோடு பழகவும், வீட்டார் அந்த மொழியைக் கற்கவும் ஏற்பாடு வேண்டும். மனாகுவாவில் அரசு தெரிந்தே கொடுத்த பாடம் பலிக்கவில்லை; தெரியாமல் கொடுத்த பேச்சுத்துணை பலித்தது. அதைத் தெரிந்தே கொடுப்பதற்கு இன்று நமக்குக் காரணம் போதிய அளவு இருக்கிறது.