ரப்பர் பாலும் இரண்டு பற்களும்

கேகாலை, இரத்தினபுரி ரப்பர் தோட்டங்களில் விடிந்தும் விடியாத நேரத்திலேயே பால் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். சிரட்டையில் சொட்டும் அந்தப் பாலைத் திரட்டிப் பதப்படுத்தி, கந்தகமும் சவர்க்காரமும் கலந்து, நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றிச் சூளையில் வேகவைத்தால் மெத்தென்ற தோல் ஒன்று கிடைக்கும். முகத்தில் ஒட்டினால் முகத்தோடு சேர்ந்து அசையும். சினிமாப் பூதங்கள் பல தலைமுறைகளாக உடுத்திய தோல் இதுதான்.

ஆனால் ரப்பர் தோலை வெளிச்சத்தில் அதிக நேரம் காட்டினால் அது ரப்பர் என்று தெரிந்துவிடும். சிக்கனப் பூதப் படங்களின் இலக்கணம் முழுவதும் இந்தச் சங்கடத்திலிருந்து பிறந்தது. மிருகம் கடைசியில்தான் முழுசாக வரும். அதுவரை சேற்றில் ஒரு காலடி, தண்ணீரில் ஒரு சலனம், இருட்டில் ஒரு உறுமல். போகாதே என்று ஒரு பெரியவர் சொல்வார்; ஒருவன் போவான். அடுத்து என்ன வரும் என்று நமக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் நெஞ்சு படபடக்கும்.

1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தின் செலவு சுமார் 1,35,000 டொலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. தயாரிப்பாளர் வால் லூட்டனும் இயக்குநர் ஜாக் தூர்னரும் ஒரு காட்சியில் சிறுத்தையைக் காட்டுவதற்குப் பதிலாக, நீச்சல் குளத்துச் சுவரில் நிழலையும் காதில் உறுமலையும் வைத்தார்கள். இன்னொரு காட்சியில் ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள். பின்னால் வந்த காலடிச் சத்தம் திடீரென நின்றுவிடுகிறது. சட்டென்று ஒரு சீறல். வந்து நின்றது பஸ், கேட்டது அதன் பிரேக். இன்றும் திகில் படங்கள் இந்த உத்தியைக் கைவிடவில்லை. காரணம் நம் மூளைக்குள் இருக்கிறது. புதரில் சலசலப்புக் கேட்டால், அது என்னவென்று தெரிவதற்கு முன்பே உடம்பு ஓடத் தயாராகிறது. வீணாகப் பயந்தால் நட்டம் கொஞ்சம்தான். பயப்படாமல் இருந்து ஏமாந்தால் உயிரே போய்விடும்.

நிழலால் முடியாத வேலை ஒன்று உண்டு: பிரமாண்டம். 1954இல் ஜப்பானில் ‘கொட்ஸிலா’ எடுத்தபோது, பொம்மையை பிரேம் பிரேமாக நகர்த்திப் படமாக்க ஏழு வருடம் ஆகும் என்றார் அதன் விசேட காட்சிகளை இயக்கிய எய்ஜி ட்சுபுராயா. அதனால் மூங்கிலும் கம்பியும் ரப்பரும் கொண்டு உடை செய்து அதற்குள் நடிகர் ஹாருவோ நகாஜிமாவை இறக்கினார்கள். முதல் உடையின் எடை சுமார் 100 கிலோ. அந்தப் படம் ஜப்பானில் பெருஞ்செலவுப் படம்தான், என்றாலும் அந்த வழி பிறகு கையில் காசில்லாதவர்களின் வழியானது.

இரண்டு மீற்றர் மனிதர் 50 மீற்றர் மிருகமாவது எப்படி? 50 மீற்றர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட 3.2 செக்கன் எடுக்கும். இரண்டு மீற்றரிலிருந்து விழுந்தால் 0.64 செக்கன்தான். உயரம் 25 மடங்கு, நேரம் ஐந்து மடங்கு. ஆகவே செக்கனுக்கு 24 பிரேமுக்குப் பதிலாக 120 பிரேமில் படம்பிடித்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினால், சரியும் அட்டைக் கட்டடம் மெய்யான கட்டடத்தின் நிதானத்தோடு சரியும். பாரம் என்று நம் கண் உணர்வது அந்தத் தாமதத்தைத்தான்.

கொட்ஸிலாவின் உறுமலுக்கும் எந்த மிருகமும் தேவைப்படவில்லை. பிசின் பூசிய தோல் கையுறையால் பெரிய டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்தியை உரசி அதை உண்டாக்கினார் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே.

துண்டிலிருந்து முழு மிருகத்தைக் கட்டியெழுப்பும் இந்தக் கலை, கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சப்ரகமுவ மண்ணுக்குப் புதிதல்ல. மாணிக்கம் தேடிக் குழி தோண்டும்போது கிடைக்கும் சரளை அடுக்கில் நீர்யானையின், காண்டாமிருகத்தின் எலும்புகள் அகப்பட்டிருக்கின்றன; இன்று இலங்கைக் காட்டில் அவை இரண்டுமே இல்லை. 1936இல் இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டவில் கிடைத்தவை இரண்டு பற்கள். அவற்றை ஆராய்ந்த விலங்கியலாளர் பி.ஈ.பி. தெரணியகல, இக்காலச் சிங்கத்தின் பல்லைவிட அவற்றிலிருந்த கடைவாய்ப்பல் ஒடுங்கி நீண்டிருப்பதைக் கண்டு, அழிந்துபோன இலங்கைச் சிங்கம் என ஒரு துணையினத்தை 1939இல் அறிவித்தார். பிடரி எப்படி, நிறம் என்ன, எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அந்தப் பற்களில் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் ‘குருவிட்டச் சிங்கம்’ என்று கேட்டவுடன் நம் மனதுக்குள் ஒன்று எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறது.

இன்று பல கைத்தொலைபேசிகளே 120 பிரேமில் படம்பிடிக்கின்றன. ரப்பர் பாலோ மலைச்சரிவிலேயே கிடைக்கிறது. அந்தச் சிங்கத்தைப் படமாக்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் அதை முழுசாகக் காட்ட வேண்டியதில்லை; தெரணியகலவிடமும் முழுச் சிங்கம் இருக்கவில்லை.