தமிழ்நாட்டுக்குக் குடும்பத்தோடு போக எந்த மாதம் நல்லது? கோலசிலாங்கூர் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

“ஒரு தடவையாவது ஊருக்குப் போயிட்டு வந்துடணும்.” பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், சபாக் பெர்ணம் பக்கத் தோட்டங்களில் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு. தாத்தா காலத்தில் ‘ரஜூலா’ கப்பல் எப்போது புறப்படுகிறதோ அப்போதுதான் பயணம். இப்போது விமானம் தினமும் இருக்கிறது, சென்னைக்கோ திருச்சிக்கோ ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் தேதி நம் கையில் இல்லை. பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டிதான் அதை முடிவு செய்கிறது. அந்த நாட்காட்டி இந்த ஆண்டு மாறியிருக்கிறது.

என்ன மாறியது?

கடந்த சில ஆண்டுகளாகப் பள்ளித் தவணை பிப்ரவரியிலோ மார்ச்சிலோ தொடங்கியது. அதனால் நீண்ட விடுமுறை 2024-இல் பிப்ரவரி, மார்ச்சிலும், 2025-இல் ஜனவரி, பிப்ரவரியிலும் வந்தது. தமிழ்நாட்டில் அது அருமையான காலம். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. அப்போது போய்வந்தவர்கள் “ஊர்ல நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு” என்று சொன்னதில் ஆச்சரியமில்லை.

2026 முதல் பள்ளி மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. சிலாங்கூர் பள்ளிகள் ‘பி’ பிரிவில் வருகின்றன. அவற்றுக்கு இந்த ஆண்டின் நீண்ட விடுமுறை டிசம்பர் 5 முதல் 31 வரை. ஆக, போன வருஷம் போனவர் சொன்னதை நம்பி அப்படியே டிக்கெட் எடுத்தால் வேறொரு பருவத்தில் போய் இறங்குவீர்கள்.

டிசம்பரில் எந்த வாரம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை. சென்னை விமான நிலையம் வெள்ளத்தாலும் புயலாலும் மூடப்பட்ட மூன்று பெரிய சம்பவங்களைப் பாருங்கள். 2015 பெருவெள்ளத்தில் டிசம்பர் முதல் வாரம் பல நாள் மூடப்பட்டது. 2023-இல் மிக்ஜாம் புயல், டிசம்பர் 4. 2024-இல் ஃபெஞ்சல் புயல், நவம்பர் 30. மூன்றும் நவம்பர் 30-க்கும் டிசம்பர் 6-க்கும் இடையில்தான். விடுமுறை விட்ட மறுநாளே பெட்டியைத் தூக்குகிற பழக்கம் நமக்கு உண்டு. இந்த வருஷம் அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது.

அதற்காக டிசம்பர் நடுவில் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலியில் வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் தவித்தார்கள். திருச்செந்தூர் முருகனைப் பார்க்காமல் நம்மில் எத்தனை பேர் திரும்புகிறோம்?

எங்கள் கணிப்பில் டிசம்பர் 20 வாக்கில் கிளம்புவது சரியாக இருக்கும். மழை பொதுவாகத் தணிந்திருக்கும். அங்குள்ள பிள்ளைகளுக்கும் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை வந்துவிடும். மார்கழியில் கோயில்களுக்கும் சென்னைக் கச்சேரிகளுக்கும் குறைவிருக்காது. ஆனால் கல்யாணம் எதுவும் நடக்காது. சபரிமலைக் கூட்டத்தால் ரயிலும் விடுதியும் நெருக்கடியாக இருக்கும்.

மே, ஜூன் எப்படி?

ஆண்டு நடுவிலான விடுமுறை மே 23 முதல் ஜூன் 7 வரை. அக்னி நட்சத்திரம் ஏறக்குறைய மே 4-இல் தொடங்கி 28 வரை நீடிக்கும். திருச்சி, கரூர், வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். செம்பனை நிழலில் வளர்ந்த நமக்கு அந்த வறண்ட வெயில் பழக்கமில்லை. வயசானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போவதாக இருந்தால் யோசியுங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு ஓடிவிடலாம் என்றால், 2024 மே முதல் அங்கே நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும்.

ஆனால் உறவைப் பார்ப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் இந்த விடுமுறைதான் பொருத்தம். வைகாசி, கல்யாண மாதம். குலதெய்வக் கோயில் திருவிழாக்களும் அந்தப் பக்கம் நிறைய நடக்கும். மொத்தச் சொந்தமும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ளிப் போட்டால் வெயில் கொஞ்சம் குறையும், அதிர்ஷ்டம் இருந்தால் குற்றாலத்தில் தண்ணீரும் விழும்.

மார்ச் விடுமுறை ஒரு வாரம்தான். பருவம் மோசமில்லை, ஆனால் அங்கே பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வு நேரம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் பத்துப் பேர் போய் இறங்கினால் சங்கடம்தான்.

சம்பளக் கணக்கு

தோட்டத்தில் குலை அறுக்கிறவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. செம்பனையில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் காய்ப்பு அதிகம், ஆண்டுத் தொடக்கத்தில் குறைவு. டன் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் அக்டோபரில் லீவு போட்டால் இழப்பு பெரியது, டிசம்பர் கடைசியில் குறைவு. 1955 வேலைச் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 16 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 12 நாள், அதற்கும் குறைவென்றால் 8 நாள். விடுப்பை இப்போதே கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

விமானக் கட்டணம் பள்ளி விடுமுறையில் ஏறத்தான் செய்யும். ஆளுக்கு 200 ரிங்கிட் கூடினால் ஐந்து பேர் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட் என்னும்போது இது சின்னத் தொகையல்ல. ஆகவே டிசம்பர் பயணத்துக்கு ஆண்டு நடுவிலேயே விலை பார்க்கத் தொடங்குங்கள்.

வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இல்லையென்றால் இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிவதற்குள் போய்வாருங்கள். அம்மா, அப்பாவை மட்டும் அனுப்புகிறவர்களுக்கும் இதுதான் ஏற்ற காலம். பழனி போவதாக இருந்தால் மட்டும் தைப்பூச நாட்களைத் தவிர்க்கப் பாருங்கள், நடக்கவே இடம் இருக்காது.

தேதி முடிவானதும் முதலில் எல்லாருடைய கடப்பிதழையும் எடுத்துப் பாருங்கள். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் கடப்பிதழ்தான் பெரும்பாலும் காலாவதியாகிக் கிடக்கும். இ-விசாவுக்கு இந்திய அரசின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள், அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன. இந்திய ரயில்களுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும். டிசம்பர் 22-இல் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில் ஏற நினைத்தால், அக்டோபர் 23-ஆம் தேதி காலையிலேயே கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுங்கள்.