சாய்ந்தால் திரும்பும் பலகை: லாங்போர்டின் அடித்தட்டு

ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகைக்கு ஸ்டீயரிங் கிடையாது; பிரேக்கும் கிடையாது. இருந்தும் அது திரும்புகிறது. நிற்பவர் இடப்பக்கம் உடம்பைச் சாய்த்தால் பலகையும் இடப்பக்கம் போகிறது. "இதில் என்ன அதிசயம், சைக்கிள்கூட அப்படித்தானே" என்று கேட்கலாம். சைக்கிளில் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் உண்டு. இங்கே சாய்வைத் திருப்பமாக மாற்றும் வேலை முழுவதையும் பலகைக்கு அடியில் ஒளிந்திருக்கும் உள்ளங்கை அளவு உலோகத் தட்டு ஒன்றின் கோணம் பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பேஸ்பிளேட் என்று பெயர். நாம் அடித்தட்டு என்போம்.

நான் இஞ்சினியர் அல்ல. பெங்களூரில் அலுமினியமும் பித்தளையும் விற்கிறவன். கல்லூரிப் பசங்க சிலர் இந்த அடித்தட்டைத் தாங்களே வரைந்து, சி.என்.சி. பட்டறையில் கடைந்துகொள்ள என்னிடம் அலுமினியக் கட்டி கேட்டு வந்தார்கள். அப்போதுதான் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன். விளையாட்டுச் சாமான்தானே என்று தள்ளிவிட முடியவில்லை. லாங்போர்டு என்பது நீளமான வகை. வெளிநாடுகளில் மலைச்சாலை இறக்கத்தில் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் அதில் நின்றுகொண்டே இறங்குகிறார்கள். அந்த வேகத்தில் ஒரு தட்டு விரிந்தால் என்ன ஆகும் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடிப்படை யோசனை பழையது. 1863ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர் நான்கு சக்கரக் காலணி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் மெத்தை வைத்து, கால் சாய்ந்தால் சக்கர அச்சு திரும்பும்படி செய்தார். இன்றைய ஸ்கேட்போர்டின் அடிப்பாகம் அந்த வம்சம்தான்.

பலகைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு டிரக். ஒவ்வொரு டிரக்கிலும் சக்கரங்களைத் தாங்கும் குறுக்குக்கை ஹேங்கர். அதை அடித்தட்டோடு இணைக்கும் தடித்த போல்ட் கிங்பின். கிங்பின்னில் ஹேங்கருக்கு மேலும் கீழும் யூரிதேன் புஷ்கள். ஹேங்கரின் மூக்கு, தட்டில் உள்ள பிவட் கப் என்னும் சிறு குழியில் உட்கார்ந்திருக்கும். சாதாரண ஸ்கேட்போர்டில் இரண்டு கிங்பின்களும் பலகையின் நடுவை நோக்கியிருக்கும்; லாங்போர்டில் பெரும்பாலும் வெளிப்பக்கம் நோக்கியிருக்கும்.

ஹேங்கர் கிங்பின்னைச் சுற்றிச் சுழல்வதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பிவட் குழியின் மையத்தையும், இரண்டு புஷ்களுக்கு நடுவே ஹேங்கர் வளையத்தின் மையத்தையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். அதுதான் சுழல் அச்சு. அந்தக் கோடு பலகையோடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறதோ அதுவே தட்டின் கோணம். கோணம் பூஜ்யமானால் பலகை சாயும், திரும்பாது. 90 ஆனால் திரும்பும், சாயாது. நமக்கு வேண்டியது இடையில் எங்கோ. ராண்டல் என்ற அமெரிக்க டிரக்கில் ஒரே ஹேங்கருக்கு 50 டிகிரித் தட்டும் 35 டிகிரித் தட்டும் மாற்றிப் போடலாம். தட்டை மட்டும் மாற்றினால் வண்டியின் குணமே மாறும். தட்டைத் தனியாகக் கடைய ஆசை பிறப்பதும் இதனால்தான்.

கணக்கு பள்ளிக்கூட டிரிக்னாமெட்ரிதான். திரும்பும் கோணத்தின் டான், தட்டுக் கோணத்தின் டானைச் சாய்வின் சைனால் பெருக்கியதற்குச் சமம். பலகை 10 டிகிரி சாய்கிறது என்று வையுங்கள். 50 டிகிரித் தட்டில் அச்சு ஏறத்தாழ 11.7 டிகிரி திரும்பும். 35 டிகிரித் தட்டில் 6.9 மட்டுமே. இரண்டு டிரக்குக்கும் இடைவெளி 70 செ.மீ. என்றால், முன்னும் பின்னும் 50 போட்ட பலகை சுமார் 1.7 மீட்டர் ஆரத்தில் வளையும். முன்னே 50, பின்னே 20 என்றால் 2.6 மீட்டர். இரண்டும் 30 என்றால் 3.5 மீட்டர். வீட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னே ஏன் குறைவான கோணம்? பின் டிரக்கும் முன் டிரக்கைப் போலவே தாராளமாகத் திரும்பினால், வேகம் ஏறும்போது பலகையின் வால் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். பெரிய வேகத்தில் அந்த ஆட்டம் ஒரு நொடியில் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். 1979லேயே மாண்ட் ஹப்பர்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் இந்தப் பலகையின் நிலைத்தன்மையைச் சமன்பாடுகளில் ஆராய்ந்தார். 2016ல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் மனிதனின் எதிர்வினைத் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். கால் செய்யும் திருத்தம் சற்றுத் தாமதமாகத்தான் வரும். மெதுவான வேகத்தில் பழகிய திருத்தம் அதிவேகத்தில் ஆட்டத்தை வளர்க்கவும் கூடும் என்பது அதன் சாரம். ஆகவே இறக்கத்துக்கு வடிவமைப்பவர்கள் முன் தட்டுக்குத் திருப்பத்தைக் கொடுத்து, பின் தட்டை அடக்கமாக வைக்கிறார்கள். புஷ்ஷைக் கெட்டியாக்கினால் போதாதா என்றால், அதுவும் உதவும். ஆனால் கெட்டிப் புஷ் சாய்வதைக் கடினமாக்கும், அவ்வளவுதான். சாய்ந்த பிறகு எவ்வளவு திரும்பும் என்பதைத் தட்டுதான் தீர்மானிக்கிறது.

எந்தக் கோணம் வேண்டும் என்று தெரியாமலே கட்டி வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஆப்புப் போட்டுப் பாருங்கள் என்பதுதான். பலகைக்கும் டிரக்குக்கும் நடுவே வைக்க ஒருபக்கம் தடித்த பிளாஸ்டிக் ஆப்புகள் கடையில் கிடைக்கின்றன. 7 டிகிரி ஆப்பு 50ஐ 57 ஆகவோ, திருப்பி வைத்தால் 43 ஆகவோ ஆக்கும். சில வாரம் அதில் ஓட்டிப் பார்த்து, கால் சொல்லும் கோணத்தைத்தான் வரைபடத்தில் போட வேண்டும். ஆப்பு பலகையை உயர்த்திவிடும்; கடைந்த தட்டில் அந்தக் குறை இல்லை. இன்னொன்று, முன் பின் இரண்டும் ஒரே உயரத்தில் பலகையைத் தாங்க வேண்டும். 70 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. வித்தியாசம் இருந்தால் பலகை 0.4 டிகிரி சரிந்து, ஒரு தட்டின் கோணம் கூடி மற்றதன் கோணம் குறையும்.

பலகைத் துளைகளுக்கு இரண்டு வழக்கமான அமைப்புகள் உண்டு. அகலம் இரண்டிலும் 41.3 மி.மீ.; நீளம் பழைய முறையில் 63.5, புதிய முறையில் 54. ஆறு துளை போட்டால் இரண்டுக்கும் பொருந்தும்.

எங்கே துல்லியம் வேண்டும், எங்கே வேண்டாம் என்பதில்தான் பசங்க குழம்புகிறார்கள். கோணம் 35க்குப் பதில் 35.5 ஆனால் திருப்பம் 2 சதவீதம்தான் கூடும். எந்தக் காலுக்கும் அது தெரியாது. ஆனால் கிங்பின் துளையும் பிவட் குழியும் தட்டின் நடுக்கோட்டில் இல்லாவிட்டால் பலகை எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் ஹேங்கரோடு பொருந்தாவிட்டால் ஹேங்கர் இறுகிக்கொள்ளும், அல்லது கடகடக்கும். பணத்தை இந்த இரண்டு துளைக்குச் செலவிடுங்கள். பக்கவாட்டில் பெயர் பொறிப்பதும் ஜன்னல் ஜன்னலாக வெட்டுவதும் அழகுக்குத்தான்.

ஐந்து அச்சு மெஷின் இல்லாத பட்டறையிலும் இது முடியும். சைன் பார் வைத்துக் கட்டியைச் சாய்த்து மூன்று அச்சு மில்லிங்கில் செய்யலாம். சைன் பாரை 45 டிகிரிக்கு மேல் நம்பக் கூடாது என்பது பழைய டூல் ரூம் பாடம். 50 வேண்டுமென்றால் மீதியான 40ஐ வைத்து, அடுத்த முகத்திலிருந்து பிடிக்க வேண்டும். 100 மி.மீ. சைன் பாருக்கு 64.28 மி.மீ. உயரம். உள்மூலைகளைக் கத்தி வைத்தாற்போல் விடாமல் குறைந்தது 3 மி.மீ. ஆரம் கொடுக்கச் சொல்லுங்கள். விரிசல் பிறக்கும் இடம் பெரும்பாலும் கூரான மூலை.

இனி என் சொந்தச் சரக்கு. 6061-டி6 ரகம் இதற்குத் தோதானது; பழைய ஆட்கள் எச்.இ.20 என்பார்கள். அதன் இளகு வலிமை சுமார் 276 மெகாபாஸ்கல். ஜன்னல் சட்டத்துக்குப் போகும் 6063 பார்வைக்கு அச்சாக அதே மாதிரி இருக்கும். வலிமை நன்றாகவே குறைவு. கண்ணால் பார்த்து நானே பிரித்துச் சொல்ல முடியாது. எனவே சோதனைச் சான்றிதழோடு வாங்குங்கள், கட்டியில் உள்ள எண்ணோடு சான்றிதழ் எண்ணை ஒப்பிடுங்கள். 7075-டி6 இன்னும் பலம், 500க்கு மேல். விலையும் அதிகம், ஈரத்திலும் உப்பிலும் 6061 அளவு பொறுமை கிடையாது. பழைய பாத்திரம் உருக்கி ஊற்றிய லோக்கல் வார்ப்பு இதற்கு வேண்டவே வேண்டாம். உள்ளே காற்றுக்குமிழ் இருக்கும், வெளியே பாலிஷ் பளபளக்கும்.

90க்கு 60க்கு 45 மி.மீ. கட்டி சுமார் 656 கிராம் எடை. அதில் பெரும்பகுதி சீவலாகப் போகும். அந்தச் சீவலையும் கணக்குப் பண்ணித்தான் பட்டறைக்காரர் கூலி சொல்வார், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கிங்பின்னைப் பின்பக்கமிருந்து செருகி, அறுகோணத் தலை குழியில் உட்காரும்படி செய்வது பாதுகாப்பான முறை. அலுமினியத்திலேயே மரை போட்டால், போல்ட்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது மரை ஆழம் வேண்டும். வழக்கமான 3/8 அங்குலக் கிங்பின்னுக்கு அது 14 மி.மீ.க்கு மேல். 12.9 தரப் போல்ட்டுக்கு மின்முலாம் பூசி அழகு பார்க்கக் கூடாது. ஹைட்ரஜன் புகுந்து சொல்லாமல் முறியும்.

கடைசியாக ஒரு விஷயம். எஃகுக்கு ஒரு சுமை எல்லை உண்டு; அதற்குள் இருந்தால் எத்தனை லட்சம் முறை வளைந்தாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அப்படி எல்லை இல்லை, சிறு சுமையும் மெல்ல மெல்லக் கணக்கில் ஏறும். வெல்டிங் சோதனைக்கு விற்கும் சிவப்புச் சாயத்தைச் சுத்தம் செய்த தட்டில் அடித்து, ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தால் விரிசல் இருக்குமிடத்தில் சிவப்புக் கோடு கசியும். மூலைகளையும் கிங்பின் துளையைச் சுற்றியும் அவ்வப்போது இப்படிப் பாருங்கள். கோடு தெரிந்த தட்டை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் டி6 பலம் போய்விடும். காயலான் கடையில் கிலோவுக்குக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு, அதே வரைபடத்துக்குப் புதுக் கட்டி வாங்குங்கள்.