லாரியின் பின்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்துதல்

ஹூக்ளி ஆற்றின்மீது 1992-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவின் வழியே கொல்கத்தாவை நோக்கி வரும் சுமை லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமையுடன் அதன் எடை 16 டன்; வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். அந்த ஓட்டத்தில் அடங்கியுள்ள ஆற்றல் ஏறத்தாழ 22 இலட்சம் ஜூல் ஆகும். லாரி நிற்க வேண்டுமாயின் இவ்வாற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே, பிரேக் என்பது ஆற்றலை வெப்பமாக மாற்றி, அவ்வெப்பத்தைக் காற்றில் விடும் சாதனமே எனலாம்.

இருவகை பிரேக்குகள்

டிரம் பிரேக்கில், சக்கரத்துடன் சுழலும் இரும்பு டிரம்மின் உட்புறத்தே பிறை வடிவான இரண்டு ஷூக்கள் அமைந்துள்ளன. மிதியை அழுத்தியதும் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரை உராய்கின்றன. சுழற்சியின் திசையில் அமைந்த ஷூவை டிரம்மே தன்பால் இழுத்துக்கொள்வதால், சிறிய அழுத்தத்திலேயே பெரிய தடை கிடைக்கிறது. டிஸ்க் பிரேக்கில், சக்கரத்துடன் சுழலும் வட்டத் தகடு ஒன்றைக் காலிப்பர் என்னும் பற்றுக்கருவி இருபுறத்திலும் பேடுகளால் கவ்வுகிறது. இதில் தானே இழுத்துக்கொள்ளும் தன்மை இல்லை. எனவே கூடுதலான அழுத்தம் தேவைப்படுகிறது.

இரண்டும் ஒரே காலத்தில் தோன்றியவை. ஷூக்களைக் கொண்ட டிரம் பிரேக்கைப் பிரான்சு நாட்டு லூயி ரெனோ 1902-இல் உருவாக்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் டிஸ்க் பிரேக்கின் சிறப்பை உலகு உணர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் அதனைக் கொண்டு வென்ற பின்னரே அது பெரிதும் பரவலாயிற்று.

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை பெட்ஃபோர்டு லாரிகளையும், 2014 வரை அம்பாசிடர் கார்களையும் உருவாக்கியது. அம்பாசிடர் முதலில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடன் வெளிவந்தது. பிற்கால வகைகள் சிலவற்றில் முன்சக்கரங்கள் டிஸ்க் பிரேக் பெற்றன. பின்சக்கரங்களில் டிரம்மே நீடித்தது. இவ்வாறு முன்னே டிஸ்க், பின்னே டிரம் என அமைத்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. பின்சக்கர பிரேக்கை மாற்ற விழைவோர் அவற்றை முதலில் அறிதல் வேண்டும்.

வெப்பமும் நீரும்

டிஸ்க் பிரேக்கின் முதற் சிறப்பு வெப்பத்தைத் தாங்குதல். மேற்கூறிய லாரியின் டிரம்களின் மொத்த எடை 160 கிலோகிராம் எனக் கொள்வோம். ஒருமுறை நிறுத்தும்போது அவற்றின் வெப்பநிலை சுமார் 30 பாகை உயரும். இது பெரிதன்று. ஆனால் அதே லாரி மலைச்சாலையில் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பினால் 157 இலட்சம் ஜூல் வெப்பம் பிறக்கும். அது வெளியேறாதிருப்பின் டிரம்கள் 200 பாகைக்கு மேல் சூடேறும். கொல்கத்தா சமதளமான நகரம். எனினும் அங்கிருந்து வடக்கே சரக்கேற்றிச் செல்லும் லாரிகளுள் சில மலையேறுகின்றன. கர்சியாங்கிலிருந்து சிலிகுரிக்கு வரும் சாலை 1,200 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது.

சூடேறிய டிரம் விரிந்து ஷூக்களை விட்டு விலகுகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. மிதி ஆழமாக இறங்கியும் வண்டி நிற்பதில்லை. டிஸ்க் தகடோ சூடேறும்போது பேடுகளை நோக்கியே தடிக்கிறது. காற்றில் வெளிப்படையாக இருப்பதால் விரைவில் குளிர்கிறது.

இரண்டாம் சிறப்பு நீரைப் பற்றியது. மழைக்காலத்தில் கொல்கத்தாவின் தாழ்வான தெருக்களில் நீர் தேங்குவது வழக்கம். டிரம்மினுள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது, லைனிங் வழுக்கும். தகட்டின்மீது பட்ட நீரைச் சுழற்சி வீசியெறிய, எஞ்சியதைப் பேடு துடைத்துவிடுகிறது. நீரில் இறங்கி ஏறிய டிரம் பிரேக் வண்டியை மெதுவாகச் செலுத்தி, மிதியைச் சிறிது அழுத்தியவாறே லைனிங்கை உலர்த்துவது ஓட்டுநர் கடமையாகும்.

மாற்றத்தில் எழும் சிக்கல்கள்

நீர்ம அழுத்தத்தால் இயங்கும் சிறிய லாரிகளில் பின்சக்கர மாற்றம் நான்கு வினாக்களை எழுப்புகிறது.

முதலாவது, மாஸ்டர் சிலிண்டர். காலிப்பரின் பிஸ்டன் பெரிது. அதற்கு மிகுதியான எண்ணெய் வேண்டும். சிலிண்டரின் விட்டத்தைப் பெருக்கினால் எண்ணெய் கூடும். ஆனால் அதே கால்விசைக்கு அழுத்தம் குறையும். இவ்விரண்டையும் ஈடுசெய்யத் தக்க சர்வோ உதவி வேண்டும். மேலும், டிரம் அமைப்பின் குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கும் வால்வு இருக்குமாயின், அதனை நீக்க வேண்டும். இல்லையேல் பேடுகள் தகட்டை ஓயாது உராய்ந்து தேயும்.

இரண்டாவது, கை பிரேக். டிரம்மில் ஒரு கம்பியால் ஷூக்களை எளிதில் விரிக்கலாம். டிஸ்க் அமைப்பில் இதற்கெனத் தனி நெம்புகோல் உடைய காலிப்பரோ, தகட்டின் நடுவே ஒரு சிறிய டிரம்மோ தேவை. இதனை மறந்து மாற்றப்பட்ட லாரி சரிவில் நிற்காது.

மூன்றாவது, இடவசதி. அச்சின் முனை, சக்கரத்தின் ரிம், போல்ட் அமைப்பு ஆகியவை காலிப்பருக்கு இடந்தர வேண்டும். இரட்டைச் சக்கரங்களின் மறைவில் காற்றோட்டம் குறைவாதலால் டிஸ்க்கின் பயனும் ஓரளவு குறையும்.

நான்காவதே மிக முக்கியமானது: முன்பின் சமநிலை. பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்சக்கரங்களின்மேல் சாய்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. சுமை இறக்கிய லாரியில் இது இன்னும் மிகுதி. பின்பக்கத் தடை அளவு மீறினால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். லாரி பின்புறம் முன்னாகச் சுழன்றுவிடும். ஆகவே பின் குழாயின் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கட்டுப்படுத்தும் வால்வு புதிய அமைப்புக்குப் பொருந்துமாறு மீண்டும் சரிசெய்யப்பட வேண்டும்.

இவ்வுண்மையை ஆசிரியர்கள் வகுப்பறையில் எளிதிற் காட்டலாம். சாய்ந்த பலகையின்மீது விளையாட்டுக் கார் ஒன்றின் பின்சக்கரங்களை ரப்பர் வளையத்தால் பூட்டி நழுவவிடின், அது பாதிவழியில் திரும்பிப் பின்னோக்கி இறங்கும். முன்சக்கரங்களைப் பூட்டினால் நேராகவே சறுக்கும். பின்பக்க பிரேக்கின் வலிமை எல்லைக்குட்பட்டிருக்க வேண்டியதன் காரணம் இதனால் மாணவர்க்கு விளங்கும்.

கனரக லாரிகள்

பெரிய லாரிகளில் அமுக்கப்பட்ட காற்றே பிரேக்கை இயக்குகிறது. ஐரோப்பாவில் 1990-களிலிருந்து இவ்வகை லாரிகளிலும் டிஸ்க் பரவியது. ஆயின் காற்றறை, நெம்புகோல், நிறுத்தத்திற்கான ஸ்பிரிங் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று இயைந்தவை. பழைய அச்சில் தனித்தனி உறுப்புகளைச் சேர்த்துப் பட்டறையில் மாற்றுவது ஏற்றதன்று. உற்பத்தியாளர் அமைத்துத் தரும் முழு அச்சே தகும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டிகளில் செய்யும் மாறுதல்களுக்கு வரம்பு விதிக்கிறது. சரக்கு வண்டிகளுக்குத் தகுதிச் சான்றும் வேண்டும். எனவே வேலையைத் தொடங்குமுன் பதிவு அதிகாரியை அணுகிக் கேட்பதே முறை. மேலும், 2008-ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 15 ஆண்டு கடந்த வணிக வண்டிகள் கொல்கத்தா மாநகர்ப் பகுதியிலிருந்து விலக்கப்பட்டன. ஆதலின் பழைய லாரிக்குப் பெருஞ்செலவு செய்யுமுன் அதன் எஞ்சிய ஆயுளையும் எண்ணுதல் நலம்.

பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பது. டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மாற்றம் முடிந்தபின் மூடிய திடலில் முதலில் வெறும் வண்டியையும், பின்னர்ச் சுமை வண்டியையும் குறைந்த வேகத்தில் நிறுத்திப் பார்த்த பின்னரே சாலைக்கு அனுப்ப வேண்டும்.

பெரும்பாலான லாரிகளுக்குத் தேவையானது புதிய டிஸ்க் அன்று. உரிய இடைவெளியில் சரிசெய்த ஷூவும், தேய்ந்ததும் மாற்றிய லைனிங்கும், மலை இறக்கத்தில் கீழ்க் கியரில் ஓட்டும் பழக்கமுமே ஆகும். டிஸ்க்கின் நன்மையைப் பெற விரும்புவோரும் முன்சக்கரங்களிலிருந்தே தொடங்குவர். நிறுத்தும் சுமையின் பெரும்பங்கை ஏற்பவை அவையே.