வடவேங்கடத்து வண்ணங்கள் – 14: குறி சொல்ல வந்த மாப்பிள்ளை

பாரதக் கூத்தின் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனைப் போன வாரம் பார்த்தாயிற்று. திரௌபதி கூந்தல் முடிந்ததோடு நிறுத்தியிருந்தேன்; விட்டுப்போனவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் நாராயணவனம். புத்தூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது. ஆகாசராஜனின் தலைநகரம், பத்மாவதியின் பிறந்த வீடு. திருமலையில் நின்ற கோலத்தில் நாம் கும்பிடும் பெருமாள் மாப்பிள்ளையாக வந்து தாலி கட்டிய ஊர் என்பது ஐதீகம். கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனால், கல்யாணத்துக்கு மஞ்சள் அரைத்தது என்று ஒரு கல்லைக் காட்டுவார்கள். ஒரு புராணக் கல்யாணத்துக்கு அடுப்படிச் சாமானைச் சாட்சியாக வைத்திருக்கும் ஊர் எனக்குப் பிடித்துப் போனதில் வியப்பில்லை.

ஆனால் என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருப்பது கல்யாணம் அல்ல, அதற்கு முன்னால் நடந்த ஒரு காரியம். வேட்டைக்கு வந்த சீனிவாசன் பூப்பறித்துக்கொண்டிருந்த பத்மாவதியைப் பார்க்கிறான். தோழிமார் கல்லெறிந்து விரட்டுகிறார்கள். மலைக்குத் திரும்பியவனுக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே பெண்ணும் படுத்த படுக்கை. சீனிவாசனின் வளர்ப்புத் தாய் வகுளமாலிகை பெண் கேட்கப் புறப்படுகிறாள். அவள் வந்து சேர்வதற்குள் பெருமாளுக்குப் பொறுக்கவில்லை. எருகலக் குறத்தியாக வேடம் கட்டிக்கொண்டு, இடுப்பில் கூடை, கையில் கோல், பிள்ளையாகப் பிரம்மனையே சுமந்துகொண்டு நாராயணவனத்துத் தெருவில் குறி கூவுகிறார். அரண்மனையில் பத்மாவதியின் தாய், அரசி தரணிதேவி கூப்பிட்டு உட்கார வைக்கிறாள். "உன் மகள் ஒருவனைப் பார்த்து மயங்கியிருக்கிறாள், அவனுக்கே கொடு, நோய் தீரும்" என்று குறத்தி சொல்லிவிட்டுப் போகிறாள்.

தமிழ் வாசகருக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். மகளுக்கு வந்தது என்ன நோய் என்று தெரியாமல் தாய் குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைப்பது நம் அகப்பாட்டின் பழைய காட்சி. திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலில் கட்டுவிச்சி சுளகில் நெல்லை எறிந்து பார்த்து, இந்த நோயைச் செய்தவன் ஆயிரம் பேருடைய திருமாலே என்று கண்டு சொல்கிறாள். அங்கே பெருமாள் நோய் தந்தவன். நாராயணவனத்தில் நோய் தந்தவனும் அவனே, குறி பார்த்து அதைச் சொல்கிறவளும் அவனே. இதைக் கண்டபோது எனக்கு இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. ஆழ்வார் காலத்துக் கட்டுவிச்சியைப் பெருமாளுக்கே வேடமாகக் கட்டிவிட்ட அந்தக் கதைசொல்லி யாரோ, அவர் காலில் விழலாம்.

இதே வேடம் கூத்திலும் உண்டு. புத்தூர், நகரி வட்டாரத்தில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குத் 'திரௌபதி குறவஞ்சி' தெரிந்திருக்கும். வனவாசத்தில் இருக்கும் பாஞ்சாலி குறத்தியாக அத்தினாபுரத்துக்குள் நுழைந்து, கௌரவர் வீட்டுப் பெண்களுக்கே குறி சொல்கிறாள். எந்தப் பெண்ணின் கூந்தலைப் பிடித்து இழுத்தார்களோ அவள் வாயாலேயே தங்கள் விதியைக் கேட்டுக்கொள்கிறார்கள். தெற்கே திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி என்ற குறத்தி நாயகி வசந்தவல்லியின் கை பார்க்கிறாள். அந்த நூலுக்காக அவருக்கு விடப்பட்ட நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். 1944ல் ருக்மிணி தேவி அதைக் கலாக்ஷேத்ராவில் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். தெலுங்கில் சித்தூர்ச் சீமையின் தரிகொண்ட வெங்கமாம்பா (1730–1817) இந்தக் கல்யாணக் கதையைச் சொல்லும் வேங்கடாசல மாகாத்மியம் பாடினார். பெண்ணுக்குப் பெண் குறி சொல்லும் காட்சி தமிழிலிருந்து தெலுங்குக்குப் போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். நாராயணவனத்துக் கூத்து மேடைக்கு முன்னால் சாக்கு விரித்து உட்காருகிறவர்களுக்கு இரண்டும் புரியும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த எருகலக் குறத்தி வெறும் வேடமல்ல. எருகலர் இன்றும் வாழ்கிற மக்கள். ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். கூடை முடைவது, பாய் பின்னுவது, பெண்கள் குறி சொல்வது அவர்கள் பரம்பரைத் தொழில்கள். 1909ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் எருகலரையும் நம் குறவரையும் ஒரே தலைப்பின் கீழ்தான் வைக்கின்றன. அவர்கள் வீட்டுக்குள் பேசும் மொழியை மொழியியலாளர்கள் தமிழோடு நெருங்கிய கிளையில் சேர்க்கிறார்கள். சுற்றிலும் தெலுங்கு, தெருவில் அவர்களும் தெலுங்கில்தான் கூவுவார்கள், "எருக செப்தானம்மா" என்று. வீட்டுக்குள் போனால் தமிழின் உறவு மொழி. பெருமாள் எந்த வேடத்தில் மாமியார் வீட்டுக்குப் போனார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

1911ல் இந்தச் சீமையில் இரண்டு காரியங்கள் நடந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அதே ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. எருகலரின் பல பிரிவுகள் அந்தச் சட்டத்தில் சிக்கின. கைரேகை பார்த்துக் குறி சொன்னவர்களின் கைரேகையைக் காவல் நிலையத்தில் எடுத்து வைத்தார்கள். ஊர் விட்டு ஊர் போக அனுமதி கேட்க வேண்டும். கூடை விற்றும் குறி சொல்லியும் பிழைக்கிறவர்கள் ஊர் ஊராகப் போகாமல் எப்படி உண்பது? 1913ல் குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரத்தில் அவர்களுக்காகக் குடியிருப்பு அமைத்து ரட்சணிய சேனையின் பொறுப்பில் விட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947ல்தான் அந்தச் சட்டம் போனது. நாடு முழுவதும் குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது 1952ல்.

பதிவேட்டில் அவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலும், எருகலப் பெண் ஒருத்தியின் வாயைத்தான் அரசி நம்பினாள் என்று கதை சொல்லிக்கொண்டே இருந்தது. பதிவேடு போய்விட்டது, கதை இருக்கிறது. கலை பண்பாட்டைக் காக்கிறது என்று மேடையில் பொதுவாகப் பேசுவதைவிட இந்த ஒரு காட்சியைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன். அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: குறத்தி நடனம் கற்றுத்தரும் பள்ளிகளில் கூடையும் பாசிமணியும் கொண்டையும் சொல்லித் தருகிறார்கள், அந்த மக்கள் யார் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் குறத்தியாக ஆடிய பெண் குழந்தை, மறுநாள் வாசலில் கூடையோடு வருகிறவளைக் கண்டு பயந்து உள்ளே ஓடக் கூடாது. அவளிடம் கூடை வாங்குங்கள், பேச்சுக் கொடுங்கள். அவள் பாட்டி சொன்ன குறிப்பாட்டு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். ஏட்டில் ஏறாத பாட்டு அவர்களிடம்தான் இருக்கும்.

காளஹஸ்தி கலம்காரித் துணியில் சீனிவாச கல்யாணத்தை எழுதும் விதத்தை இந்த இதழில் சொல்வதாக இருந்தேன். குறத்தி இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டாள். கடுக்காயிலும் எருமைப் பாலிலும் தோய்த்த துணி, வெல்லமும் இரும்பும் ஊறிய கறுப்பு மை, சொர்ணமுகி ஆற்றில் அலசல், 1957ல் கமலாதேவி சட்டோபாத்யாயா முயற்சியில் வந்த பயிற்சிக் கூடம், எல்லாம் அடுத்த வாரம். காளஹஸ்தி போகிறவர்கள் அதற்குள் ஒரு காரியம் செய்யலாம்: கல்யாணக் கதை எழுதிய துணி எங்காவது தொங்கினால், கட்டம் கட்டமாகப் பார்த்து, கூடைக்காரிக்கு எத்தனை கட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள்.