ஒளிக்கும் ‘ஒன்வே’ போடலாம்! தேன்கூடு சிப் செய்யும் வித்தை

ஃபோன் டார்ச் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒண்ணும் ஆகாது. ஒளி காந்தத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

சிப்புக்குள் ஒளியை ஓடவிட நினைப்பவர்களுக்கு இதுதான் தலைவலி. வழியில் சின்னக் குறை இருந்தாலும் ஒளியில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். திரும்ப விடாமல் தடுக்க காந்தம் கைகொடுக்கும். ஆனால் ஒளிதான் மசியாதே! ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு 2018-ல் ஒரு வழி காட்டியது: ஒளியோடு கொஞ்சம் பொருளைக் கலந்துவிடுவது.

அது என்ன கலவை?

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய குறைக்கடத்தி அடுக்கு. மாட்டிக்கொண்ட ஒளி இங்கும் அங்கும் மோதும். அடுக்கு அதை விழுங்கும்போது ஒரு எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமும் ஜோடி சேரும். ஜோடி கலைந்தால் மறுபடி ஒளி. இந்தக் கொடுக்கல் வாங்கல் படுவேகமாக நடக்கும்போது எது ஒளி, எது பொருள்னு பிரிக்கவே முடியாது. இதன் பெயர் போலாரிட்டான்.

தேன்கூடு எதற்கு?

இந்த சிப்பை சில மைக்ரோமீட்டர் அகலத் தூண்களாகச் செதுக்கி, கிராஃபீனில் கார்பன் அணுக்கள் நிற்பதுபோல அறுகோணமாக நிறுத்துகிறார்கள். போலாரிட்டான் தூணுக்குத் தூண் தாவும். கிராஃபீனின் எலக்ட்ரான்கள் மாதிரியே, குறிப்பிட்ட ஆற்றலில் நிறையே இல்லாததுபோல நகரும். பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2014-லேயே இதை நேரடியாகப் பார்த்துவிட்டார்கள். ‘பார்த்தார்கள்’ என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. போலாரிட்டான் மடியும்போது அதன் ஒளி வெளியே கசியும். கேமராவில் பிடித்தால் அது எங்கே இருந்தது, எந்த வேகத்தில் போனது எல்லாம் தெரியும். நிஜ கிராஃபீனில் எலக்ட்ரானை இப்படி படம் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

வூர்ஸ்பர்க் குழு இந்தத் தேன்கூட்டை 5 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தது. பொருள் பாதி காந்தத்துக்கு மசிந்தது. ஒளிப் பாதியும் கூடவே இழுபட்டது. போலாரிட்டான்கள் தேன்கூட்டின் ஓரமாக ஒரே திசையில் ஓடின. முனை வந்தால் திரும்பி, குறை வந்தால் சுற்றிக்கொண்டு போயின. காந்தத்தின் திசையை மாற்றினால் ஓட்டமும் எதிர்த்திசைக்கு மாறியது.

உடனே ‘ஒளி கம்ப்யூட்டர் வந்தாச்சு’ன்னு ஃபார்வர்டு பண்ண வேண்டாம். சோதனை நடந்தது சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில். அந்தக் குளிரையும் காந்தத்தையும் மேசை மேல் வைக்க முடியாது. அறை வெப்பத்திலேயே போலாரிட்டான் தாங்கும் பெரோவ்ஸ்கைட் போன்ற பொருட்களில் இப்போது முயற்சி நடக்கிறது.