ட்ரிகர் எத்தனை தடவை நகருது?

மெக்கானிக்கல் பசங்களா, இது நம்ம சப்ஜெக்ட்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்புக்குள்ள ட்ரிகர் மெக்கானிசத்தோட படங்களே வரிசையா இருக்கு!

2017 அக்டோபர் 1, லாஸ் வேகாஸ் இசை நிகழ்ச்சியில் ஒருவன் சுட்டதில் 60 பேர் இறந்தார்கள். அவன் துப்பாக்கிகளில் இருந்தது பம்ப் ஸ்டாக். தோளில் வைக்கிற கட்டைக்குப் பதிலா மாட்டுற, சறுக்குற ஒரு பாகம், அவ்ளோதான். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும், முன்கை அதை மறுபடி முன்னால் தள்ளும், அசையாம இருக்கிற விரல்ல ட்ரிகர் திரும்ப வந்து இடிக்கும். கேட்டா மெஷின் கன் மாதிரியே இருக்கும்.

2018 டிசம்பரில் டிரம்ப் அரசு இதுவும் மெஷின் கன்தான் என்று தடை போட்டது. புதுச் சட்டம் இல்லை, 1934 சட்டத்துக்குப் புது விளக்கம். அந்தச் சட்டப்படி, ட்ரிகரின் ஒரே இயக்கத்தில் தானாகப் பல குண்டுகள் வந்தால்தான் மெஷின் கன். டெக்சாஸ் துப்பாக்கிக் கடைக்காரர் கார்கில் வழக்குப் போட்டார்.

2024 ஜூனில் 6-3 என்ற கணக்கில் தடை ரத்து. ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிகர் ரீசெட் ஆகுதே என்றார் நீதிபதி தாமஸ். சுடுறவர் செய்றது ஒரே செயல்தானே என்றார் மறுத்து எழுதிய சோட்டோமேயர். ட்ரிகரை மட்டும் பார்த்தா தாமஸ் சரி. ஆனா சிஸ்டம் பவுண்டரிக்குள்ள அந்த விரலையும் முன்கையையும் சேர்க்கணும்னுதான் எனக்குத் தோணுது.

துப்பாக்கி உரிமை பற்றிய இரண்டாம் திருத்தத்தை இந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. தாமஸ் பக்கம் நின்ற அலிட்டோவே, காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தலாம் என்று தனியா எழுதியிருக்கிறார்.